புரோக்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓனரிடம் பேச விடுங்கள் என்கிறேன்

மக்களே, வணக்கம். இன்றைக்குக் கட்டன் சாயா கூடப் போடவில்லை, நேராகக் கேமராவை ஆன் செய்துவிட்டேன். அவ்வளவு கடுப்பு. வாங்கலாம் என்று கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் பார்த்த ஓட்டு வீடு நினைவிருக்கிறதா? முந்தின வீடியோவில் கிணற்றடியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேனே, அதேதான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. சரி, ஓனரிடம் நாலு வார்த்தை கேட்கலாம் என்று நம்பர் கேட்டால் புரோக்கர் சொல்கிறார், “ஓனர்கிட்ட நீங்க நேரா பேசப்பிடாது, எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க.”

கேட்டேன். கிணற்றில் சித்திரையில் தண்ணீர் நிற்குமா? “நிக்கும்.” செப்டிக் டேங்க் எங்கே? “பின்னால.” பின்னால் எங்கே? “பின்னாலதான்.” வழி எத்தனை அடி? “லாரியே வரும்.” முற்றத்துப் பலாமரம்? “அது கூழன், வெட்டித் தடி விலைக்குக் கொடுத்திருங்க.” விலை? “45 லட்சம், ஒரு பைசா குறையாது.” அந்த மனிதர் அந்த வீட்டில் ஒரு ராத்திரி கூடத் தூங்கியிருக்க மாட்டார், அவருக்கு எப்படித் தெரியும்?

நம்பர் கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார். ஓனர் அம்மா இப்போது பாறசாலையில் மகள் வீட்டில் இருக்கிறார். எனக்குக் களியக்காவிளையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம், ஆனாலும் முதலில் போன் போட்டேன். பாதித் தமிழ், பாதி மலையாளம். “மோளே, அத எங்கிட்ட நேரத்தே கேட்டிருக்கலாமே” என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

முதலில் பலாமரம். கூழன் இல்லையாம் மக்களே, செங்கவருக்கை! சிவந்த சுளை, கடித்தால் நறுக்கென்று இருக்கும், பெரிய காய் ஒன்றை வெட்டினால் தெருவுக்கே கொடுக்கலாம். எனக்குக் கூழன் ஆகாது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும், வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிற பழத்தை எதற்குத் தின்ன வேண்டும்? வருக்கை வேறு ஜாதி. அதுவும் செங்கவருக்கை நிற்கிற வீட்டில் கோடாலி வைக்கச் சொன்ன ஆளை நான் எப்படி நம்புவேன்? வீடு கைமாறினாலும் வருஷத்துக்கு ஒரு பழம் தனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். கொடுக்காமல் இருப்பேனா!

செப்டிக் டேங்க் துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே இருக்கிறது. நேற்றுப் போய் நானும் ஓனர் அம்மாவும் கல்லை நகர்த்திப் பார்த்தோம், வட்டமான சிமென்ட் மூடி, நடுவில் துருப்பிடித்த இரும்பு வளையம். அந்த இடத்தில்தான் நாங்கள் கார் ஷெட் போடத் திட்டமிட்டிருந்தோம். வடக்குச் சுவர் துலாம் மழையில், அதாவது ஐப்பசி மழையில், ஊறும், அந்த அறையில் அரிசி வைக்காதே என்றும் சொன்னார். இதையெல்லாம் எந்த வில்லங்கச் சான்றிலும் பார்க்க முடியாது.

பொறுங்கள், பாதையை விட்டுவிட்டேன். இது முக்கியம். குழித்துறை இருக்கிற விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, அதனால் இங்கே பல வீடுகளின் தாய்ப் பத்திரம், அதாவது பழைய மூலப் பத்திரம், மலையாளத்தில், கொல்லம் என்கிற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். இந்த வீட்டுப் பத்திரம் கொல்லம் 1118, அதாவது 1942-43. எனக்குப் பேச வரும், அந்தப் பழைய எழுத்தை வாசிக்க வராது. ஓனர் அம்மாவின் மகள் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்துச் சொன்னார்: கிழக்கு எல்லையில் காளைவண்டி போகும் அகலத்துக்கு வழி உரிமை. புரோக்கர் சொன்ன லாரி அதில் இல்லை. அதனால் சர்வேயரை வைத்து அளக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்போது விலை. “நான் 43 தானே மோளே சொன்னேன்” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டு லட்சம் நடுவில் முளைத்திருக்கிறது. பத்திரத்தில் எழுதுகிற விலைக்கோ அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்கோ, எது அதிகமோ அதற்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். அந்த ரெண்டு லட்சத்துக்கு மட்டும் 18,000 ரூபாய் தண்டம் கட்டியிருப்பேன். 18,000 மக்களே! என் பழைய மொபைலே அவ்வளவு விலை இல்லை.

நேராகப் பேசுவது ஏதோ புரோக்கரை ஏமாற்றுகிற காரியம் மாதிரி ஊரில் பேசுகிறார்கள். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்ல வேண்டும், சொத்தையும் உரிமையையும் பற்றி வாங்குபவர் கேட்டால் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். கேட்கிறவர் வாங்குபவர், பதில் சொல்கிறவர் விற்பவர். நடுவில் ஒருத்தர் “பின்னாலதான்” என்று சொல்வது அதில் வரவே இல்லை.

அதற்காகப் புரோக்கரை வெட்டிவிடாதீர்கள். வீட்டைக் காட்டியது அவர்தான், வெயிலில் அலைந்தவர் அவர்தான். கமிஷனை மிச்சம் பிடிக்க ஓனரோடு ரகசியமாகச் சேர்கிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நான் மூன்று பேரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டேன். போனில் பேசியதை அதிலேயே எழுதினேன்: விலை 43, மோட்டார் வீட்டோடு சேரும், கரன்ட் பில் பாக்கி ஓனர் கட்டுவார், ஒத்துக்கொள்கிறீர்களா? ஓனர் அம்மா குரல் செய்தியில் “சரி” என்றார். புரோக்கர் அன்றைக்கு முழுக்க நீல டிக்கோடு சும்மா இருந்தார். 43-க்கு 2 சதவீதம், 86,000, பத்திரப் பதிவன்று செக்காகத் தருகிறேன் என்று எழுதியதும் கட்டைவிரல் ஒன்று வந்தது.

ஆனால் ஒன்று, ஓனரிடம் வீட்டைப் பற்றி வாய் வலிக்கப் பேசுங்கள், உங்கள் பணத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். வங்கி எவ்வளவு கடன் தரும், இப்போது இருக்கிற வீட்டை எப்போது காலி பண்ண வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? அட்வான்ஸ் ரொக்கமாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், சொத்து விஷயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமானவரிச் சட்டமே சொல்கிறது.

கல்ஃபில் இருக்கிறவர் வீட்டைப் பவர் ஏஜென்ட் (ஓனர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தை வைத்து விற்கிறவர்) மூலம் வாங்குகிற ஆட்கள் நம் ஊரில் நிறைய, அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓனரை வீடியோ காலில் பார்க்காமல் நகராதீர்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் போச்சு. வரிக் கணக்கிலும் அவர் வெளிநாட்டுவாசியா என்று கேட்டாக வேண்டும். உள்ளூர்க்காரர் என்றால் விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால்தான் நாம் 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது விற்பவரின் வருமானவரிக் கணக்கில் கட்டுகிற தொகை, பிடிப்போம். வெளிநாட்டுவாசிக்கு அந்த 50 லட்ச வரம்பு கிடையாது, பிடிக்க வேண்டியதும் கூடுதல். ஆடிட்டரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.

சர்வேயர் வெள்ளிக்கிழமை வருகிறார். வண்டிப் பாதை மதில் வரை சரியாக வந்தால் அடுத்த வாரம் எக்ரிமென்ட் எழுதிப் பதிவு செய்வோம். வராவிட்டால் அந்த அம்மாவிடம் நானே போன் போட்டு விலையைப் பேசுவேன், குரூப்பில்தான், புரோக்கர் பார்க்கிற மாதிரி.