மூன்று கல், ஒரு பானை, கூட்டாஞ்சோறு

நேயர்களுக்கு வணக்கம்.

தோப்பிலோ ஆற்றங்கரையிலோ கல் கூட்டிச் சமைக்கக் கிளம்புகிற பலருக்கும் முதல் ஆசை பிரியாணிதான். என்னைக் கேட்டால், திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டாஞ்சோறுதான் அந்த அடுப்புக்கு ஏற்ற சாப்பாடு. அரிசி, பருப்பு, காய், கீரை, புளி எல்லாம் ஒரே பானைக்குள் போய்விடும். தொட்டுக்கொள்ள அப்பளம் இருந்தால் போதும். ஆனால் ‘எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட வேண்டியதுதானே’ என்று நினைத்தால் பருப்பு கல்லாகவும், அடி கரியாகவும் போகும்.

முதலில் இடம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டக்கூடாது, அது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பது நமக்குத் தெரியும். சொந்தத் தோப்பு, அறுவடை முடிந்த வெற்று நிலம், அனுமதி உள்ள முகாம் இவை போதும். அடுப்பைச் சுற்றி நாலைந்து அடிக்குச் சருகு, காய்ந்த புல் எதுவும் இல்லாமல் கூட்டிவிடுங்கள். ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஆற்றுக்குள் கிடக்கிற கல்லை எடுத்து அடுப்பு கூட்டாதீர்கள். அதன் வெடிப்புகளில் ஊறியிருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி, கல் தெறித்துவிடும். செங்கல்லோ, மேட்டில் காய்ந்து கிடக்கும் கருங்கல்லோ நல்லது. தரைக்கும் பானையின் அடிக்கும் இடையே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். அதற்கும் கீழே இறங்கினால் காற்று போகாமல் புகையும், ரொம்ப உயர்ந்தால் சூடு வீணாகும். விறகு தள்ளுகிற வாய் காற்று வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

விறகு என்றால் சீமைக்கருவேலம்தான் என் தேர்வு. நின்று எரியும், கங்கும் நிறைய விழும். பற்றவைக்கத் தென்னம்பாளை, சிரட்டை. அரளிக் குச்சியை அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள், அதன் புகையும் நஞ்சு. கடலோரத்தில் சமைப்பவர்கள் தில்லை மரத்தையும் விட்டுவிடுங்கள், அதன் பாலும் புகையும் கண்ணுக்கு ஆகாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டுகளும் வேண்டாம்.

இனி அளவு. ஆறு பேருக்கு அரைக் கிலோ புழுங்கலரிசி, 200 கிராம் துவரம்பருப்பு. முருங்கைக்காய், வாழைக்காய், கத்தரிக்காய், கொத்தவரை, பூசணி எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ. முருங்கைக்கீரை இரண்டு கை. எலுமிச்சை அளவு புளி. அரைக்க: அரை மூடித் தேங்காய், எட்டு வற்றல் மிளகாய், இரண்டு தேக்கரண்டி சீரகம், பத்துச் சின்ன வெங்காயம். இதை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போகலாம், ஆனால் சில மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். பானை எட்டு லிட்டர் பிடிக்கிற, அடி கனமான அலுமினியத் தேக்சா. பானையின் வெளிப்புறம் முழுக்கச் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால், கரி பிறகு தேய்க்காமலே கழுவிப் போகும்.

அரிசியையும் பருப்பையும் சேர்த்து அளந்து, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். இந்த அளவுக்கு மூன்றரை லிட்டர் பக்கம் வரும். உப்புக் கரிக்கிற ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது, அதில் இருக்கும் கால்சியம்தான் காரணம். நல்ல தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். கொடைக்கானல் மாதிரி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே துவரையோடு மல்லுக்கட்டாமல் பாசிப்பருப்புக்கு மாறிவிடலாம்.

ஒரு மணி நேரம் ஊறிய பருப்பை மஞ்சள்தூளோடு கொதிக்கும் நீரில் போடுங்கள். விரலால் நசுக்கினால் நடுவில் மட்டும் கொஞ்சம் கடினமாக இருக்கிற பதம் வந்ததும், கழுவிய அரிசி, வாழைக்காய், கொத்தவரை. பத்து நிமிஷம் கழித்து முருங்கைக்காய், கத்தரிக்காய், பூசணி. இதுவரைக்கும் தீ நன்றாக எரியலாம்.

புளிக்கு இன்னும் பொறுக்க வேண்டும். பருப்பிலும் காயிலும் இருக்கும் பெக்டின் வெந்நீரில் கரைந்தால்தான் அவை குழையும், புளிப்பு அதைக் கரையவிடாது. முதலிலேயே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு, ‘விறகு சரியில்லை’ என்று புலம்புவதில் பயனில்லை. அரிசி முக்கால் பதம் வெந்து, காயில் அகப்பைக் காம்பு இறங்குகிறபோது புளிக்கரைசல், உப்பு, அரைத்த விழுது. கொதி வந்ததும் கீரை.

இந்த இடத்தில்தான் அடிபிடிக்கும். சோறு கெட்டிப்பட்டதும் கொதி நீர் மேலும் கீழும் ஓடிச் சூட்டைப் பரப்புவது நின்றுபோகும், மாவுச்சத்து அடியில் படியும். அதனால் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துவிடுங்கள். கங்கை மட்டும் அடியில் பரப்பி, தட்டுப் போட்டு, தட்டின் மேலும் இரண்டு கரண்டி கங்கு வையுங்கள். இருபது நிமிஷம். நடுவே ஒரே ஒரு தடவை, அடிவரை அகப்பையை விட்டுப் புரட்டினால் போதும். அப்படியும் கருகல் வாடை வந்தால் கிளறவே கிளறாதீர்கள். மேற்சோற்றை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடியைச் சுரண்டினால் மொத்தச் சோறும் கசக்கும்.

தாளிப்பு கடைசியில். மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, அதோடு வெங்காய வடகம். வடகம் சட்டென்று கருகும், பொன்னிறம் தட்டும்போதே கரண்டியைத் தூக்கிச் சோற்றில் கொட்டிவிட வேண்டும். ஆற ஆற இந்தச் சோறு இறுகும், அதனால் இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். ஒரு செம்பு வெந்நீரும் கையிருப்பில் இருப்பது நல்லது.

சாப்பிட்ட கையோடு அடுப்பை அணையுங்கள். மண்ணள்ளிப் போட்டு மூடினால் கங்கு உள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிண்டி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே காட்டினால் சூடு தெரியாத வரைக்கும் விடாதீர்கள். மிஞ்சிய சோற்றை அலுமினியப் பானையில் விட்டுவைக்க வேண்டாம், புளி அரிக்கும். தேங்காய் சேர்ந்திருப்பதால், மதியம் ஆக்கியதை வெயில் காலத்தில் ராத்திரிக்கும் வைக்காதீர்கள்.

வணக்கம்.