அபூ குஹாஃபா கேட்ட கேள்வி

(எங்கள் மஹல்லாவின் ஹிஜ்ரி புத்தாண்டுக் கூட்டத்தில் பேசியது. இளைஞர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன்.)

அஸ்ஸலாமு அலைக்கும்.

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கண்ணியத்துக்குரிய இமாம் ஹஸ்ரத் அவர்களே! இந்த ஊரில் பாதிப் பேருக்கு அலிஃப் பா தா சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். உங்கள் முன்னால் நின்று வரலாறு பேசுவது எனக்குக் கிடைத்த பாக்கியம். முன்வரிசையில் வீற்றிருக்கும் ஜமாஅத் பெரியவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலியும் பந்தலும் கொடுத்து உதவிய மாரியம்மன் கோயில் விழாக் குழுச் சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பிறகு தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஒன்று. அந்தத் தலைமை எப்படி அப்பன் பிள்ளைச் சொத்து ஆனது என்பது இரண்டு. அப்பாஸியர் வம்சத்தைச் சொல்லி எப்படி ஆட்சியைப் பிடித்தார்கள் என்பது மூன்று. ரிஷிமூலம் நதிமூலம் பார்க்காதே என்பார்கள் நம் ஊரில். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

632ஆம் ஆண்டு. மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்துவிட்டார்கள். ஜனாஸா இன்னும் அடக்கப்படவில்லை. ஸகீஃபா என்ற பந்தலில் அன்ஸாரிகள், அதாவது நாயகத்துக்குத் துணை நின்ற மதீனாவாசிகள், கூடிவிட்டார்கள். கஸ்ரஜ் குலத் தலைவர் ஸஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்க வேண்டும் என்று பேச்சு. அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் அங்கே விரைகிறார்கள். “எங்களில் ஒரு அமீர், உங்களில் ஒரு அமீர்” என்றுகூடச் சொல்லிப் பார்க்கிறார்கள் அன்ஸாரிகள். நாயகம் பிறந்த மக்காவின் குறைஷிக் குலத்தைச் சேராத ஒருவரை அரபுக் குலங்கள் ஏற்காது என்கிறார் அபூபக்கர் (ரலி). கடைசியில் அவருக்கே கை கொடுத்து, முதல் கலீஃபாவாக, அதாவது நாயகத்துக்குப் பின் வந்த தலைவராக, ஏற்கிறார்கள்.

ஆக, குலம் அந்தப் பந்தலிலும் பேசப்பட்டது. நான் மறைக்க மாட்டேன். ஆனால் குறைஷியரிலும் எந்தக் குடும்பத்துக்குப் போனது தலைமை? அங்கேதான் நான் சொல்ல வந்த கிழவர் வருகிறார்.

அபூபக்கர் (ரலி) அவர்களின் வாப்பா அபூ குஹாஃபா. மக்கா வெற்றியின்போது, 630இல், இஸ்லாத்துக்கு வந்தவர். பார்வை போய்விட்டது, தலை பூராவும் வெள்ளை. மகன் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தபோது, “பெரியவரை ஏன் சிரமப்படுத்தினீர்கள்? நானே அவரிடம் போயிருப்பேனே” என்றார்கள் ரசூலுல்லாஹ். அப்பேர்ப்பட்ட பெரியவர் மக்காவில் வீட்டில் இருக்கிறார். திடீரென்று ஊர் முழுக்க ஒரே இரைச்சல்.

“என்னப்பா சத்தம்?”

“ரசூலுல்லாஹ் மறைந்துவிட்டார்கள்.”

“பெரிய இடியாச்சே! அவர்களுக்குப் பிறகு பொறுப்பை யார் ஏற்றார்கள்?”

“உங்கள் மகன்தான்.”

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்திருப்போம்! கிழவர் சந்தோஷப்படவில்லை. கேட்கிறார்: “அப்து மனாஃப் குலத்தார் இதற்கு ஒத்துக்கொண்டார்களா? முகீரா குடும்பத்தார் ஒத்துக்கொண்டார்களா?”

ஏன் கேட்டார் தெரியுமா? ஹாஷிம் கிளை, உமையா கிளை இரண்டுமே அப்து மனாஃப் வழி. முகீரா குடும்பம் பணமும் படையும் கொண்ட மக்ஸூம் குலம். அபூபக்கரோ தைம் என்ற சின்னக் குலம். மக்காவின் கணக்குப்படி அவர்கள் தலைமைக்கு வரவே முடியாது. ஆயுள் முழுக்க அந்தக் கணக்கிலேயே வாழ்ந்த பெரியவருக்கு நம்பவே முடியவில்லை. “ஒத்துக்கொண்டார்கள்” என்றதும் சொன்னார்: “அல்லாஹ் கொடுப்பதைத் தடுப்பவர் யாருமில்லை.” மகன் இறந்தபோதும் அவர் உயிரோடு இருந்தார், வாரிசுரிமையில் தமக்குச் சேர வேண்டிய ஆறில் ஒரு பங்கைப் பேரப்பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். கலீஃபாவின் வாப்பாவாம், ஒரு பதவி கேட்கவில்லை, ஒரு பட்டம் கேட்கவில்லை! ரிஷிமூலம் நதிமூலம் பார்க்காதே!

அடுத்து வந்த உமர் (ரலி) அதீ குலம். அதுவும் சின்னதுதான். உதவித்தொகைப் பதிவேடு போட்டபோது, தம் குடும்பத்தை எழுத்தர்கள் மேலே எழுதியதை மாற்றச் சொன்னவர் அவர். விடுதலை பெற்ற அடிமை ஸைதின் மகன் உஸாமாவுக்குக் கொடுத்ததைவிடத் தம் மகன் அப்துல்லாஹ்வுக்குக் குறைவாகக் கொடுத்தார். “ஏன் வாப்பா?” என்று மகனே கேட்டுவிட்டார். 644இல் குத்துப்பட்டுக் கிடந்தபோது ஆறு பேர் ஆலோசனைக் குழு வைத்தாரே, அதில் மகன் கருத்துச் சொல்லலாம், தலைவராகக் கூடாது என்று வரம்பு போட்டார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஸாலிம் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அவரையே நியமித்திருப்பேன் என்று அவர் சொன்னதாகவும் அறிவிப்பு உண்டு.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். உமையா கிளையில் வந்த கலீஃபா முஆவியா (ரலி) தம் மகன் யஸீதுக்கு பைஅத், அதாவது விசுவாச உறுதிமொழி, கேட்டபோது, மதீனா பள்ளிவாசலில் ஆளுநர் மர்வான் அதை அறிவிக்கிறார். எழுந்து நின்று மறுத்தவர் யார்? முதல் கலீஃபாவின் மகன் அப்துர் ரஹ்மான். “இது கைஸரின் வழி” என்றார், அதாவது ரோமப் பேரரசரின் வழி. வாரிசு என்று சொல்லிக்கொள்ள முதல் உரிமை உள்ளவர் அவர்தானே, அவரே அல்லவா வாரிசு முறையை எதிர்த்தார்! பிறகு 680இல், நாயகத்தின் பேரர் ஹுஸைன் (ரலி) கொல்லப்பட்ட கர்பலா. அதைப் பேசினால் நம் கண்கள் தாங்காது.

நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸின் வழிவந்த அப்பாஸியரைப் பற்றி ஒன்றே ஒன்று. முஹம்மதின் குடும்பத்தில் அனைவரும் ஏற்கும் ஒருவர் என்று ஆள் பெயரே சொல்லாமல் குராஸானில் ஆதரவு திரட்டி, 750இல் உமையாக்களை வீழ்த்தினார்கள். பன்னிரண்டே ஆண்டுகளில் நபியவர்களின் மகள் வழியா, சிறிய தந்தை வழியா என்று அவர்களுக்கும் நாயகத்தின் மருமகன் அலியின் (ரலி) சந்ததியாருக்கும் சண்டை மூண்டது.

“இமாம்கள் குறைஷியரில்”, அதாவது ஆட்சித் தலைவர்கள் குறைஷியரிலிருந்தே என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மாவர்தி தலைமைக்கு ஏழு நிபந்தனை எழுதினார், ஏழாவது அது. பதினான்காம் நூற்றாண்டில் வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் அதன் காரணத்தை விளக்கினார்: அன்று மற்றக் குலங்களைச் சேர்த்துக் கட்டும் வலிமை குறைஷியரிடம் இருந்தது, அதற்காகவே அந்த நிபந்தனை என்று. எனக்கு அந்த விளக்கமே போதும்.

இப்போது நம் ஊர். பள்ளிக்கு வக்ஃபாகச் சொத்து எழுதிக் கொடுத்தவர் தம் சந்ததியார்தான் முத்தவல்லி (நிர்வாகி) என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஊர்ச் சந்தாவில் நடக்கும் பள்ளிவாசலுக்கு, தாத்தா இருந்தார், வாப்பா இருந்தார், நானும் இருப்பேன் என்றால் எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது? மீன் விற்பவர் மகன் கணக்குப் படித்து வந்திருக்கிறான், அவன் பொருளாளராகக் கூடாதா? இங்கேயும் ரிஷிமூலம் நதிமூலம்தான் பார்க்கிறோம், பெரியவர்களே!

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நிர்வாகிகள் தேர்தல், வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, சந்தா கட்டும் பெண்களுக்கும் வாக்கு. இந்த மூன்றையும் கேட்டு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். வரும் பொதுக்குழுவில் கொடுக்கப் போகிறோம். தாய்மார்கள் பக்கம் தனி நோட்டு இருக்கிறது. மக்ரிப் பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது; கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போங்கள். வஸ்ஸலாம்.