கீழிறங்கிப் போன ஆசாரியன்

(காரைக்குடியில் மாலை வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அன்பிற்குரிய பெரியோரே, தாய்மாரே,

இந்தச் செட்டிநாட்டில் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் பேரேட்டைத் திறந்தவுடன் ஐந்தொகைக்குத் தாவுவதில்லை. ஒவ்வொரு பதிவும் வரவா, பற்றா, யார் பேரில் என்று பார்த்த பிறகே தொகைக்கு வருவார்கள். வேதத்தை வாசிக்கும்போது நாமோ தொகையிலிருந்து தொடங்குகிறோம். நல்ல சமாரியன் என்றதுமே உதவி செய்ய வேண்டும் என்ற பாடம் முன்னே வந்து நின்றுவிடுவதால், லூக்கா 10ஆம் அதிகாரத்தின் 25 முதல் 37 வரையுள்ள வசனங்களின் சொற்கள் வாசிக்கப்படாமலே போகின்றன. வேதச் சட்டம் கற்ற நியாயசாஸ்திரி ஒருவன் கேட்ட கேள்விக்கு இயேசு சொன்ன கதை அது: எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர் அடித்துக் குற்றுயிராய் விட்டுப் போனார்கள். ஆலயப் பணி செய்யும் ஆசாரியன் ஒருவனும், பின் ஒரு லேவியனும் அவனைக் கண்டு விலகிப் போக, யூதர்கள் பகைத்த சமாரியர் இனத்தவன் ஒருவன் அவனைச் சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்தான்.

ஆசாரியன் ‘அந்த வழியே வந்து’ விலகிப் போனான் என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலத்திலோ, காயப்பட்டவனின் பயணத்துக்குச் சொன்ன அதே ‘கீழிறங்கிப் போதல்’ என்ற வினைச்சொல்லே ஆசாரியனுக்கும் வருகிறது. மலைமேல் இருக்கும் எருசலேமிலிருந்து, கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த எரிகோவுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். ஆலயப் பணிக்கு விரைந்தவன் தீட்டுக்கு அஞ்சினான் என்று நானும் பல ஆண்டுகள் பிரசங்கித்திருக்கிறேன், அது தவறு. பிணத்தைத் தொடுவது பற்றிய லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தின் தடை எங்கு சென்றாலும் அவனைத் தொடரும் என்பது உண்மைதான். ஆனால் அவன் எருசலேமை நோக்கிப் போகவில்லை, கிடந்தவனும் பிணமல்ல, குற்றுயிராய் இருந்தவன்.

சத்திரத்தான் கையில் கொடுத்த இரண்டு பணம், மத்தேயு 20:2இன்படி இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் ஆகும் செலவையும் சமாரியன் வரம்பு சொல்லாமல் தன் பற்றில் ஏற்றிக்கொண்டான் என்பதன் எடையை இந்த ஊராருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நெடுநேரம் தங்க வேண்டிய இடம் 29ஆம் வசனம். ‘எனக்குப் பிறன் யார்?’ என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. பொது மொழிபெயர்ப்போ ‘எனக்கு அடுத்திருப்பவர் யார்?’ என்கிறது. பிறன் என்றால் நம்மவன் அல்லாதவன். அடுத்திருப்பவர் என்றால் பக்கத்தில் இருப்பவர். கிரேக்கச் சொல்லின் வேர் பின்னதையே, அருகாமையையே குறிக்கிறது. இந்த இரு பொருளையும் ஒன்றாகச் சுமக்கும் சொல் நம் பேச்சிலேயே இருக்கிறது: ‘அடுத்தவன்’. அடுத்தவன் காசு என்னும்போது அவன் அந்நியன். வரிசையில் அடுத்தவன் என்னும்போது அவன் நம் தோளை ஒட்டி நிற்பவன்.

நியாயசாஸ்திரி கேட்டது தனக்கு யார் பிறன் என்று. 36ஆம் வசனத்தில் இயேசு திருப்பிக் கேட்டது, விழுந்து கிடந்தவனுக்கு எவன் பிறனாயிருந்தான் என்று. கேட்டவன் நின்ற இடம் மாறிவிட்டது. அவன் பதிலையும் கூர்ந்து பாருங்கள்: ‘அவனுக்கு இரக்கஞ்செய்தவனே’ என்கிறான், சமாரியன் என்ற சொல் அவன் நாவில் வரவில்லை.

முந்தின அதிகாரத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 9:53இல் சமாரியருடைய கிராமம் ஒன்று இயேசுவை ஏற்க மறுக்கிறது. அதை எரிக்க வானத்திலிருந்து அக்கினி வரக் கட்டளையிடலாமா என்று அவருடைய சீடர்களான யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். அந்த மறுப்பைப் பெற்றவரே, ஓர் அதிகாரம் கழித்து, இந்தக் கதையில் ஒரு சமாரியனை நிறுத்துகிறார்.