வி.பி.பி.யில் வந்த லேகியம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிடுகிறேனா என்று கவனிப்பதற்காகவே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, சித்த மருத்துவர் அம்மையார் அவர்களே, அரங்கத்தை வாடகை வாங்காமல் கொடுத்த திருவல்லிக்கேணி அன்பர் அவர்களே, இந்தப் பொன்னாடையைப் போர்த்திய செயலாளர் அவர்களே (பொன்னாடைக்குப் பதில் பழைய பத்திரிகை ஒன்றைக் கொடுங்கள் என்று போன ஆண்டே கேட்டிருந்தேன்), வாலிப, வயோதிக அன்பர்களே!

சிரிக்கிறீர்கள். இப்படிக் கூப்பிட்டால் அடுத்து என்ன வரும் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தபாலில் இரகசியமாக வந்த ஆண்மை லேகியங்களையும் அவற்றின் பத்திரிகை விளம்பரங்களையும் பற்றி மூன்று செய்திகளைச் சொல்லப்போகிறேன். ஒன்று தபால், இரண்டு பயம், மூன்று சட்டம்.

தபாலில் தொடங்குகிறேன். 1854இல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்று ஆனது. எவ்வளவு தொலைவு போனாலும் கடிதத்துக்கு அரையணா. 1877இல் வி.பி.பி., அதாவது பொருளை வாங்கும்போது பணம் கொடுக்கும் தபால் முறை, வந்தது. 1879இல் காலணாக் கார்டு, 1880இல் தபாலாபீஸில் மணியார்டர். சென்னைக் கடற்கரைச் சாலையில் சிஸம் துரை வடிவமைத்த பெரிய தபாலாபீஸ் கட்டடம் 1884இல் திறந்தது. பெரியவர் தலையசைக்கிறார், சரிதான். இதில் வி.பி.பி.தான் நம் கதாநாயகன். தபால்காரர் பொட்டலத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்குவார், அது மணியார்டராக அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். வாங்குபவனுக்கு முன்பணம் இல்லை, விற்பவனுக்குக் கடை இல்லை. ஜாம்நகரில் இருந்த ஒரு வைத்திய சாஸ்திரியின் ஆதங்க நிக்ரஹ மாத்திரை, 32 மாத்திரை ஒரு ரூபாய், அங்கிருந்து சென்னைவரை பத்திரிகைகளில் விளம்பரமானது. கேட்பவருக்கெல்லாம் ஒரு புத்தகமும் இலவசம்.

ஆனால் தபால் வெறும் வண்டிதான். அதில் ஏறி வந்தது வெட்கம். கை நடுக்கம், ஞாபக மறதி, முகம் களையிழந்துபோதல், சொப்பன ஸ்கலிதம் (தூக்கத்தில் விந்து வெளியேறுதல்) என்று விளம்பரம் வரிசையாக அடுக்கும். பரீட்சைக்குப் படிக்கிற எந்தப் பையனுக்கு இதில் இரண்டு இருக்காது? உள்ளூர் வைத்தியரிடம் போகலாமென்றால், அவர் அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர். தபாலில் இருக்கும் வைத்தியருக்கு முகமில்லை. 'கடிதங்கள் இரகசியமாக வைக்கப்படும்' என்ற ஒரு வரிக்காகவே பையன்கள் கார்டை விட்டு உறையை வாங்கினார்கள். 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி. வாணியன் என்றால் எண்ணெய் ஆட்டி விற்பவன். வைத்தியன் தபாலில் வருவான் என்று பழமொழி சொன்னவருக்குத் தெரியாது.

பாட்டி என்றதும் என் பெரியப்பா கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐந்து நிமிடம்தான், தலைவர் பொறுத்தருள வேண்டும்.

1938. பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. பெரியப்பாவுக்கு வயது பத்தொன்பது, இன்டர்மீடியட் மாணவர். ஒரு மாத இதழின் பின்னட்டையில் விளம்பரம் பார்த்து, தமக்கு நரம்புத் தளர்ச்சி என்று தாமே முடிவுசெய்து, லேகியத்துக்கு எழுதிப்போட்டுவிட்டார். பொட்டலம் வந்தால் வாசலிலேயே வாங்கிவிடலாம் என்று நாள்தோறும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் காவல். பத்து நாள் வரவில்லை. பதினோராம் நாள் கல்லூரிக்குப் போனார், அன்று வந்துவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள்.

தபால்காரர் குரல் கொடுத்தார்: "அம்மா, உங்கள் பெரிய பிள்ளை பேருக்கு வி.பி.பி., இரண்டு ரூபாய் பத்தணா!" பாட்டி அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தாள். தகர டப்பா. மேலே பெயரோ படமோ இல்லை, எல்லாம் இரகசியமாயிற்றே! உள்ளே இருந்த தாளை அடுப்பு பற்றவைக்க வைத்துவிட்டாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூடியைத் திறந்தால் சுக்கு, திப்பிலி வாசனையோடு கறுப்பாக, நெய் மினுங்க லேகியம். பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்கள், அம்மா கையால் கிளறிக் கஷ்டப்படக் கூடாது என்று பிள்ளை தீபாவளி மருந்துக்கு எழுதிப்போட்டிருக்கிறான்!"

மறுநாள் விடியற்காலை எண்ணெய்க் குளியல். குளித்து வந்த ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சுண்டைக்காயளவு உருண்டை. தாத்தா சாப்பிட்டார். எட்டு வயதான என் தந்தை சாப்பிட்டார். எழுபது வயது அத்தைப்பாட்டி இரண்டு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்கும் கிண்ணத்தில் போயிற்று. பெரியப்பா கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவென்று சொல்லித் தடுப்பார்? தம் பங்குக்கு ஓர் உருண்டையை வாங்கி விழுங்கிவிட்டு நமஸ்காரம் செய்தார். பகலில் அத்தைப்பாட்டி தீர்ப்புச் சொன்னார்: "வயிறு லேசாக இருக்கிறது. அடுத்த வருஷமும் அந்தக் கடையிலேயே வாங்கச் சொல்."

(கைதட்டலை நிறுத்துங்கள், நேரம் போகிறது.) அன்றைக்கே பெரியப்பாவின் நரம்புத் தளர்ச்சி போய்விட்டது. தாத்தாவும் அத்தைப்பாட்டியும் சாப்பிடுகிற மருந்தை ஒருவன் எப்படிப் பயபக்தியோடு சாப்பிட முடியும்? எண்பத்தொரு வயதில்தான் இதை எங்களிடம் சொன்னார். வைத்தியனுக்கும் கொடுத்து, வாணியனுக்கும் கொடுத்த ஒரே தீபாவளி அது.

இரண்டாவது, பயம். நம் மருத்துவத்தில் ஏழு உடற்கட்டுகள், அதாவது தாதுக்கள்; அவற்றில் கடைசி சுக்கிலம் என்கிற விந்து. நாற்பது துளி இரத்தம் திரண்டு ஒரு துளி என்று நம் ஊரில் நம்பிக்கை. சுவிட்சர்லாந்தில் திஸோ என்ற மருத்துவர் 1760இல் எழுதிய நூலிலும் ஓர் அவுன்ஸ் போனால் நாற்பது அவுன்ஸ் இரத்தம் போனதற்குச் சமம் என்கிறார். இரண்டு இடத்திலும் அதே நாற்பது! 1869இல் அமெரிக்காவில் பியர்டு என்பவர் நரம்புச் சோர்வுக்கு நியூரஸ்தீனியா என்று பெயர் சூட்டினார். ஆகவே நம் பையனை மேற்கும் மிரட்டியது, கிழக்கும் மிரட்டியது. 1960இல் நம் நாட்டு மனநல மருத்துவர் விக் இந்தப் பயத்துக்குத் 'தாது நோய்க்குறி' என்ற பொருளில் பெயர் வைத்தார். பையனுக்கு உண்மையில் இருந்தது மனக்கவலை. இதை அம்மையார் என்னைவிட நன்றாகச் சொல்வார், அவருக்கே விடுகிறேன்.

மூன்றாவது, சட்டம். துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 1954இல் மருந்து, மாய மருந்து விளம்பரச் சட்டம் வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் உண்மையில் எதற்காக வந்தேனோ அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா பார்த்த அந்தப் பின்னட்டையைத் தேடி ஒரு நூலகத்துக்குப் போனேன். இதழ் இருந்தது. ஆண்டு முழுவதும் ஒரே காலிகோ பைண்டு, முதுகில் பொன்னெழுத்து. திறந்தால் பன்னிரண்டு இதழுக்கும் அட்டை இல்லை, விளம்பரத் தாளும் இல்லை. கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பைண்டர் கழித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். யோசித்துப் பாருங்கள்: கடிதம் எழுதிய பையன் பதிலைக் கிழித்துப்போட்டான், வைத்தியர் இரகசியம் காத்தார், டப்பாவில் பெயரில்லை. இந்த வியாபாரம் ஊருக்கு நடுவில் வெட்கப்படாமல் நின்றது விளம்பரப் பக்கத்தில்தான். அதையும் எடைக்குப் போட்டுவிட்டோம். வைத்தியனுக்குக் கொடுத்ததன் கணக்கு கடைசியில் வாணியன் கடையில் பொட்டலம் கட்டப் போயிற்று. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது என்பீர்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்ததால் அது நமக்குக் கிடைத்தது. தெருவுக்குத் தெரு அப்படி ஒருவர் பிறப்பாரா?

பழைய இதழ்களை அட்டையோடும் விளம்பரத்தோடும்தான் பைண்டு செய்ய வேண்டும் என்று நூலகத் துறைக்கு அனுப்பும் மனு, வாசலில் மோர்ப்பந்தலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. இதுவரை 43 கையெழுத்து. வீட்டுப் பரணில் இதழ் வைத்திருப்பவர்கள் முகவரியையும் எழுதிவிட்டுப் போங்கள், பழைய பேப்பர்காரருக்கு முன்னால் நான் வருகிறேன். பேனாவை மட்டும் யாரும் எடுத்துப்போக வேண்டாம், அது செயலாளருடையது.