பருப்பு வேகாத ஊரில் அறிவியல் பாடம்

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மேல்மலைக்கு வந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே (தலைசுற்றல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்), பொன்னாடைக்குப் பதிலாக ஒரு கிலோ மலைப்பூண்டு தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, வணக்கம். பூண்டுதான் எனக்குப் பிடித்தது.

வானம், மண், தண்ணீர் என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

தூத்துக்குடி ஆசிரியருக்கு உப்பளம் இருக்கிறது. ஆவியாதலையும் படிகமாதலையும் பாத்தி வரப்பில் நின்றே காட்டிவிடுவார். ‘மலையில நமக்கு என்ன சார் இருக்கு?’ என்கிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்.

கொடைக்கானலில் ஒன்பதாம் வகுப்பு எடுத்தபோது ஒருநாள் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். தளதளவென்று கொதிக்கிறது, வெப்பமானி 100 டிகிரிக்கு ஏறாமல் 93-லேயே நிற்கிறது. ‘சார், இது கெட்டுப் போச்சு’ என்றான் ஒருவன். வேறொன்று வைத்தேன். அதுவும் 93. வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள்: ‘அதான் சார், எங்க அம்மாச்சி குக்கர் இல்லாம பருப்பு வேகாதுன்னு சொல்லும்.’

சுமார் 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, கொதிநிலையும் குறைவு. என் பாடத்தை அம்மாச்சி முடித்துவிட்டார்! அந்தப் பிள்ளை பரீட்சையில், ‘எங்கள் ஊரில் 93’ என்று எழுதினாள். திருத்தியவர் சுழி போட்டார். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.

சரி, வானம். கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மண்ணை இன்னொரு நாள் பார்ப்போம். தண்ணீருக்கு வருகிறேன்.

இந்தப் பள்ளிக்குப் பின்னால் ஒரு சதுப்பு. மழையைக் குடித்து வைத்திருந்து, கோடையில் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பூச்சியுண்ணும் தாவரம் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கும் ட்ரோசிரா அங்கே விரல் உயரத்தில் நிற்கிறது. நேற்று குனிந்து பார்த்தேன்: சிவந்த இலை, மயிர் நுனியெல்லாம் பசைத்துளி, அதில் ஒரு கொசு இன்னும் கால் உதறிக்கொண்டிருந்தது. அதற்கு நான்கடி தள்ளி லாரி மண்! கார் நிறுத்த இடம் வேண்டுமாம். ஆய்வகம் கட்ட நிதி கேட்டு எழுதுகிறோம், இருக்கிற ஆய்வகத்தில் மண் கொட்டுகிறோம். வெண்ணெய், நெய் கதைதான், வேறென்ன?

தலைவர் அம்மா தப்பாக நினைக்க வேண்டாம். சதுப்பில் மண் கொட்டுவதை நிறுத்தக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். டீ வந்துவிட்டது என்கிறார்கள். முதலில் கையெழுத்து, அப்புறம் டீ.