பெருக்காமல் விட வேண்டிய மூலை

பெற்றோர்களே, பாலர் பள்ளி ஆசிரியர்களே, இந்தத் தோட்டத்தை நாள்தோறும் பராமரித்துவரும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எல்.கே.ஜி., யூ.கே.ஜி. என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தோட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் 1837இல் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃபுரோபெல், 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். பிள்ளைகள் தாங்களே விதைத்துப் பார்க்கப் பாத்திகள் வேண்டும் என்பது அவர் கொள்கை. நாம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாத்தியைச் சிமெண்டால் மூடிவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இன்று உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். இந்தத் தோட்டத்தில் ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டுவையுங்கள். மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு வேண்டிய விளையாட்டுச் சாமான்களை அந்தந்தப் பருவம் தானே கொண்டுவந்து கொட்டுகிறது; அவை பிள்ளைகளின் கைக்கு எட்டுமுன் விடியற்காலையிலேயே குப்பை என்று அள்ளிவிடுகிறோம்.

பங்குனியில் புங்க மரத்தடியைப் பாருங்கள். சங்கப் புலவர்கள் புங்கம்பூவைப் பொரிக்கு உவமித்தார்கள். அந்தப் பொரியைக் கொட்டாங்கச்சியில் அள்ளி ‘சோறு’ சமைக்காத பிள்ளை உண்டா? அதே நாட்களில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அதைத் தரையில் விழாமல் ஊதிக்கொண்டே ஓடுவது ஒரு விளையாட்டு.

கோடையில் மழைச்சாரல் படாத சுவரோரத்துப் பொடிமணலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழிகள் தெரியும். அவை குழியானை என்னும் சிறு பூச்சியின் வேலை. சென்ற வைகாசியில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு புல் நுனியால் குழியின் சரிவை மெல்லத் தொட்டாள். அடியிலிருந்து மணல் விசிறியடித்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். எறும்பு சறுக்கி விழட்டும் என்று அந்தப் பூச்சி காத்திருப்பதையும், அதைக் கையில் எடுத்து வைத்தால் பின்னோக்கியே நடப்பதையும், அரை மணி நேரம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘வளர்ந்தால் இதற்குத் தட்டானைப் போல இறக்கை முளைக்கும்’ என்று நான் சொன்னபோது நம்பவே மறுத்துவிட்டாள். பிறகு அதை மணலிலேயே விட்டுவிட்டோம். பிடித்ததைத் திரும்ப விடுவதும் இந்த ஆட்டத்தில் ஒரு விதி. தட்டான் வாலில் நூல் கட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

ஆடிக் காற்றுக்குப் பனையோலைக் காற்றாடி. அது சுழல நடுவில் குத்தும் கருவேல முள்ளைப் பெரியவர்கள் கையாலேயே குத்திக் கொடுங்கள்.

மழைக்காலத்துக்கென்றே ஒரு செடி இருக்கிறது. வேலியோரத்தில் ஊதாநிறப் பூப் பூக்கும் பட்டாசுக்காய்ச் செடி. அதன் காய்ந்த பழுப்புநிறக் காய்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொல்லுங்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு ‘டப்’ என்று ஒன்று பிளக்கும், அதைத் தொடர்ந்து மற்றவை. தெறித்த விதை ஈரம் பட்டு விரலில் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்யும்போது மட்டும் விதையைச் சிதறவிடும் அந்தச் செடியின் சாமர்த்தியத்தை விளக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. மார்கழியில் வேலியில் தொங்கும் சிலந்தி வலையின் பனித்துளிகளை எண்ணச் சொல்லலாம். எட்டு மணிக்குள் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கவலை உங்களுக்கு இருக்கும், எனக்கும் உண்டு. அரளி, ஊமத்தை, குன்றிமணி மூன்றும் நஞ்சு. அவை பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருக்கவே கூடாது. பாம்புப் பயம் இருப்பதால், சருகைக் குவிக்காமல் மெல்லியதாகப் பரவவிட்டு, பிள்ளைகள் வருமுன் பெரியவர் ஒருவர் கோலால் தட்டிப் பார்த்துவிட வேண்டும். கால் சேறாகும், மாற்று உடுப்பு ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

தெற்கு மூலையில் ஒரு பூவரசு நிற்கிறது. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம். அந்த நிழலில் பத்தடிக்குப் பத்தடி இடத்தைக் கயிறு கட்டி, துடைப்பம் படாமல் விட்டுத் தாருங்கள். ஐப்பசி முதல் மழை ஓய்ந்த மறுநாள் காலை, பிள்ளைகளை நானே அழைத்துவருகிறேன்.