வண்டலூர் கரடியும் அதன் ஏழு சொந்தங்களும்

வணக்கம் நண்பர்களே. வண்டலூர் உயிரியல் பூங்காவில், கரடிகள் இருக்கும் அடைப்புக்கு முன்னால் நிற்கிறேன். பின்னால் கேட்கும் கூச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைப்புலியைப் பார்க்க ஓடுகிற வழியில் இங்கே ஒரு நொடி நின்று, "டேய், கரடி" என்று ஒருவருக்கொருவர் காட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்களும் அப்படித்தான் போகிறார்கள். பாண்டா என்ன தின்னும் என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் வரும். நம் காட்டுக் கரடி என்ன தின்னும் என்று கேட்டால், "தேன்" என்பதற்கு மேல் பேச்சு நகராது.

அதனால் இன்று முழுக்கக் கரடிதான். உலகத்தில் இப்போது எட்டு வகைக் கரடிகள் இருக்கின்றன. புலி, நாய், கீரி எல்லாம் இருக்கும் ஊனுண்ணி வரிசையில்தான் இவையும் வருகின்றன. ஆனால் அந்த எட்டில் ஒன்றே ஒன்றுதான் இறைச்சியை நம்பியே பிழைக்கிறது. மற்ற ஏழும் பழம், பூச்சி, மூங்கில், மீன், கிழங்கு என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. என்ன கிடைத்ததோ அதற்கு ஏற்ப வாய் மாறியது, நகம் மாறியது, தூக்கம்கூட மாறியது. என்னைக் கேட்டால் கரடிகளின் கதை வயிற்றின் கதைதான்.

முதலில் எதிரே இருப்பவரைப் பார்ப்போம். கேமராவை அருகில் கொண்டுபோகிறேன். இது தேன்கரடி. இந்தியா, நேபாளம், இலங்கை, இவற்றில்தான் இது வாழ்கிறது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு முடி எவ்வளவு நீளமாகத் தொங்குகிறது பாருங்கள். சென்னை வெயிலில் இந்தக் கோலமா என்று தோன்றும். குளிர்நாட்டுக் கரடிகளுக்கு மேல் முடிக்கு அடியில் அடர்த்தியான இன்னொரு முடிப்படலம் உண்டு. இதற்கு அது கிடையாது. கோடையில் இங்கே பழத்துண்டுகளைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்தும் கொடுக்கிறார்கள்.

இப்போது முன்கால். அந்த மரக்கட்டைமீது வைத்திருக்கிறதே, அந்த நகங்களைக் கவனியுங்கள். மூன்று நான்கு அங்குல நீளம், லேசான வளைவு, வெளிறிய நிறம். இந்த நகங்களையும் பல்லையும் பார்த்துவிட்டுத்தான் 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதைக் கரடியே இல்லை என்று முடிவுகட்டி, தென் அமெரிக்க மரங்களில் தொங்கும் 'ஸ்லாத்' என்ற சோம்பேறி விலங்கோடு சேர்த்துவிட்டார். பிறகு திருத்திக்கொண்டார்கள். ஆனால் 'ஸ்லாத் பேர்' என்ற இதன் ஆங்கிலப் பெயரில் அந்தச் சோம்பேறி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பல்லில் என்ன விசேஷம்? கொட்டாவி விடும்போது பாருங்கள். மேல் வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லை. விழுந்துவிடவில்லை, அந்த இடமே அப்படித்தான். மற்ற கரடிகளுக்கு 42 பற்கள், இதற்கு 40. அந்த இடைவெளிதான் இதன் பிழைப்பு. முதலில் கரையான் புற்றை நகத்தால் பிளக்கும். அடுத்து ஊதும், மண்ணும் தூசும் பறந்து போகும். பிறகு மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். ஆமாம், மூக்கை நினைத்தபோது மூட அதற்கு முடியும். உதட்டைக் குழாயாகக் குவித்து, நாக்கைப் பின்னுக்கு இழுத்து, அந்தப் பல் இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். வடை தின்ற வாயோடு கொதிக்கும் டீயை உறிஞ்சுகிற சத்தம் இருக்கிறதே, அதைப் பெரிதாக்கினால் இந்தச் சத்தம் வரும். காட்டில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

வருடம் முழுக்கக் கரையானும் எறும்பும் கைகொடுக்கின்றன. பழக்காலம் வந்துவிட்டால் நாவல், இலந்தை, அத்தி, சரக்கொன்றைக் காய், பலா என்று வேட்டை மாறும். இலுப்பைப் பூ உதிர்ந்து கிடந்தால் விடாது. தேனடைக்காக மரத்தில் ஏறும், தேனீ கொட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. எந்த மாதமும் ஏதோ ஒன்று கிடைத்துவிடுவதால் இது குளிர்காலத் தூக்கத்துக்கும் போவதில்லை.

இன்னொன்று, இதன் தாய்மை. பெரும்பாலும் இரண்டு குட்டிகள் போடும். இரண்டு மூன்று மாதம் குகையில் வைத்திருந்து, வெளியே வரும்போது முதுகில் ஏற்றிக்கொள்ளும். முதுகில் இருக்கும் நீள முடியைப் பிடித்துக்கொண்டு குட்டிகள் அரை வருடத்துக்கு மேல் சவாரி செய்யும். குட்டியை இப்படி வழக்கமாகச் சுமந்து திரிவது எட்டு வகையில் இது ஒன்றுதான். புலி இருக்கும் காட்டில் குட்டியைத் தரையில் விட்டு நடப்பது ஆபத்தான காரியம் அல்லவா?

சரி, மற்ற ஏழுக்குப் போவோம்.

இறைச்சியையே நம்பியிருப்பது பனிக்கரடி. கடல் உறைந்த பனியில் சீல்கள் மூச்சுவிட வரும் துளைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். பிடித்த சீலில் முதலில் கொழுப்பைத் தின்னும். வயிறு நிறைந்த நாளில் சதையை நரிகளுக்கு விட்டுவிடும். இதன் தோல் கறுப்பு, முடிக்கு நிறமே கிடையாது. ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் பனி முழுவதும் உருகிவிடும். அங்கே இருக்கும் கரடிகள் கரைக்கு வந்து, கடல் மறுபடி உறையும்வரை பெரும்பாலும் பட்டினிதான். பனி உறைவது தள்ளிப்போகப் போகப் பட்டினி நாள் கூடுகிறது. புவி சூடாவதால் இதற்கு என்ன கேடு என்று கேட்பவர்களுக்குப் பதில் அவ்வளவுதான்.

பழுப்புக் கரடி எதையும் தின்னும். அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில், அருவியின் தலைப்பில் நின்று சால்மன் மீனை வாயாலேயே கவ்வும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கரடி அதிகம் கொழுத்திருக்கிறது என்று மக்கள் இணையத்தில் வாக்குப் போடும் போட்டி அங்கே 2014இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. அடுத்துச் சொல்வதைக் கேட்டுக் கரடி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். யெல்லோஸ்டோன் மலைகளில் இதே கரடி கற்களைப் புரட்டி, அடியில் ஒதுங்கியிருக்கும் அந்துப்பூச்சிகளைத் தின்னும். ஒரே நாளில் நாற்பதாயிரம் வரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியாவிலும் லடாக், காஷ்மீர், இமாச்சலப் பக்கம் பழுப்புக் கரடி உண்டு.

அந்தக் கொழுப்பெல்லாம் எதற்கு? குளிர்காலத் தூக்கத்துக்கு. இதில்தான் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் இது சாதாரணத் தூக்கம் இல்லை. ஐந்து, ஆறு மாதம் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, மலசலம் எதுவும் இல்லை. இதயம் நிமிடத்துக்குப் பத்து முறை அளவுக்குத்தான் துடிக்கும். ஆனால் உடல் வெப்பம் சில டிகிரிதான் குறையும்; சீண்டினால் எழுந்துவிடும். சிறுநீராக வெளியேற வேண்டிய யூரியாவை உடம்பே திரும்ப எடுத்துப் புரதமாக்கிக்கொள்கிறது. நாம் சில மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தால் தசை வற்றிவிடும், எலும்பு வலுவிழக்கும். கரடிக்கு அப்படி ஆவதில்லை. ஏன் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிட வியப்பு பெண் கரடி. கோடையில் இணை சேர்ந்தாலும் கரு உடனே வளராது. கருப்பையில் ஒட்டாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். இலையுதிர் காலத்தில் தாய் போதிய கொழுப்புச் சேர்த்திருந்தால்தான் கரு ஒட்டி வளரும். இல்லாவிட்டால் அந்த வருடம் பிள்ளை கிடையாது. குளிர்காலத்தின் நடுவில், அரைக் கிலோ எடையில் கண் திறக்காத குட்டி பிறக்கும். சாப்பாடே இல்லாத தாய் அதற்குப் பாலூட்டும்.

பாண்டாவுக்குப் புகழ் அதிகம், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊனுண்ணியின் குடலை வைத்துக்கொண்டு மூங்கில் தின்கிறது. தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிக்காது. அதனால்தான் நாளில் பாதி நேரம் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. தூங்கிக் கழிக்க வேண்டிய குளிர்காலத்துக்கு வேண்டிய கொழுப்பு மூங்கிலிலிருந்து எப்படிச் சேரும்? ஆகவே அதற்கும் அந்தத் தூக்கம் இல்லை. மூங்கிலைப் பிடிக்க மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு கட்டைவிரலின் வேலையைச் செய்கிறது. 2016இல் இதை 'அழியும் நிலை' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி, 'அழியவாய்ப்புள்ள இனம்' என்று வைத்தார்கள். நம் தேன்கரடியும் அதே படியில்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் ஏன் பொம்மை விற்பதில்லை?

எட்டில் மிகச் சிறியது சூரியக் கரடி. தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் நம் வடகிழக்கு மாநிலங்களிலும் இருக்கிறது. தேனடைக்குள் விட்டு எடுக்க அங்குலக்கணக்கில் நீளும் நாக்கு. 2023இல் சீனாவின் ஹாங்சோ விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு சூரியக் கரடி பின்னங்காலில் நிமிர்ந்து நின்ற வீடியோ உலகம் சுற்றியது. பின்பக்கம் தோல் மடிந்து தொங்கியதைப் பார்த்து, மனிதன்தான் வேடம் போட்டிருக்கிறான் என்றார்கள். பூங்காவே வேடம் இல்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தோல் தளர்வுக்குக் காரணம் உண்டு. புலி கழுத்தைக் கவ்வினால் தோலுக்குள்ளேயே திரும்பி எதிரியைக் கடிக்க வசதி.

தென் அமெரிக்காவுக்கு ஒரே கரடிதான், ஆண்டிஸ் மலைக் கண்ணாடிக் கரடி. கண்ணைச் சுற்றி வெளிர்நிற வளையம், மரத்தின்மேல் கிளைகளை ஒடித்து மேடை கட்டி உட்கார்ந்து தின்னும் பழக்கம். அமெரிக்கக் கருங்கரடிதான் எண்ணிக்கையில் எல்லாரையும்விட அதிகம். பெயர்தான் கறுப்பு, பழுப்பும் உண்டு, கனடாவின் மேற்குக் கரையில் வெள்ளையும் உண்டு.

எட்டாவதுக்கு நீங்கள் வண்டலூரை விட்டே போக வேண்டாம். இமயமலைக் கருங்கரடியையும் இங்கே வளர்க்கிறார்கள். நெஞ்சில் பிறை வரைந்தது போன்ற வெள்ளைக் கோடு இருக்கும். இதன் பித்தநீரில் இருக்கும் ஒரு அமிலம் கல்லீரல் நோய்க்கும் பித்தக்கல்லுக்கும் மருந்து. அந்த அமிலத்தை எப்போதோ ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மருந்துக்கடையில் மாத்திரையாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் கிழக்கு ஆசிய நாடுகளில் இந்தக் கரடிகளைக் கூண்டில் அடைத்து, வயிற்றில் துளையிட்டுப் பித்தநீர் எடுக்கும் தொழில் ஓயவில்லை. என்ன மனிதர்கள் என்று கேட்கத் தோன்றும். நாம் மட்டும் என்ன? பயந்த குழந்தைக்குக் கரடி முடித் தாயத்துக் கட்டிய தெருக்கள் நம்முடையவைதான். தெருத்தெருவாகக் கூட்டிவந்து ஆடவைத்த அந்தத் தேன்கரடியின் மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்திருந்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் வித்தை நடந்தது. மீட்பு மையங்கள் வந்து, ஆட்டக்காரர்களுக்கு வேறு தொழிலும் ஏற்பாடு செய்து, 2009இல்தான் தெருக்கரடி ஆட்டம் முடிவுக்கு வந்தது.

கடைசியாக, பயன்படும் விஷயம். சென்னைக்காரர்கள் திருப்பதிக்கு நடந்து ஏறுகிறோம், நீலகிரிக்குச் சுற்றுலா போகிறோம். சேஷாசலம் காட்டில் தேன்கரடி உண்டு. 2023இல் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை பயம் வந்தபோது கேமராக்களில் கரடியும் பதிவானது, பக்தர்கள் கையில் தடி கொடுத்து அனுப்பினார்கள். நீலகிரியில் கோயிலுக்குள் புகுந்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது, பேக்கரிக் கதவை உடைத்தது என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். எண்ணெயும் இனிப்பும் குறைந்த உழைப்பில் கிடைக்கும் கொழுப்பு, அதற்கு அவ்வளவுதான் கணக்கு.

தேன்கரடி மனிதனைத் தின்ன வருவதில்லை. புற்றுக்குள் முகத்தை வைத்திருக்கும்போது நீங்கள் திடீரென்று பக்கத்தில் போய் நின்றால், புலியோடு வாழ்ந்து பழகிய உடம்பு ஓடுவதைவிடப் பாய்வதையே தேர்ந்தெடுக்கும். தாக்கினால் முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும். ஆகவே அதிகாலையிலும் அந்தியிலும் காட்டுப்பாதையில் தனியாகப் போகாதீர்கள்; கூட்டமாகச் சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். தொலைவில் பார்த்தால் ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். மரத்தில் ஏறித் தப்பலாம் என்பது பள்ளிக்கூடக் கதைக்குச் சரி. இதற்கு மரம் ஏறத் தெரியும். செத்தவன்போல் மூச்சடக்கி மல்லாந்து படுப்பதும் வேண்டாம். மேலே பாய்ந்தேவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் பிடரியையும் தலையையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடங்கள். வனத்துறைக்காரர்களும் கரடி ஆய்வாளர்களும் சொல்வது இதுதான்.

நீலகிரி, நெல்லை, ஜவ்வாது மலைப் பக்கத்து நண்பர்கள் இதைப் பார்த்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊருக்குள் கரடி வந்திருந்தால் கீழே எழுதுங்கள். எந்த மாதம் வந்தது, அப்போது எந்த மரம் பழுத்திருந்தது, அல்லது எந்தக் குப்பைத்தொட்டி திறந்து கிடந்தது என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.